சென்டர் ஸ்பீக்கர் துரைசாமி அண்ணன்

துரைசாமி அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை காஜா பட்டன் யூனிட்டைத் திறக்கப் போனவர், ஷட்டரைப் பாதி தூக்கியபடி உட்கார்ந்துவிட்டாராம். அவ்வளவுதான்...

அவருடைய ஸ்பீக்கர் என் வீட்டில் இருக்கிறது. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்த பதற்றம் அதுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருப்பூரில் யாரும் ஒரு டி-ஷர்ட்டை முழுசாகச் செய்வதில்லை. நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், பட்டன் துரைசாமி அண்ணன். நாங்கள் பாட்டுக் கேட்டதும் அப்படித்தான்.

டி-ஷர்ட் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் எனக்கு ஒரு எஸ்ஏசிடி கொடுத்தார். பார்க்க சாதாரண சிடி. உள்ளே இரண்டு அடுக்கு. வீட்டு சிடி பிளேயரில் போட்டால் ஒரு அடுக்கு மட்டும் பாடும், வலது இடது என்று இரண்டே சேனல்.

அதற்கென்று உள்ள பிளேயரில் போட்டால்தான் இன்னொரு அடுக்கு திறக்கும். ஐந்து சேனல். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர், தனி ஸ்பீக்கர். இந்த டிஸ்க்கில் பாடகி நடுவில், வயலின்கள் இரண்டு பக்கமும், அரங்கத்தின் எதிரொலி நம் முதுகுக்குப் பின்னால்.

பிளேயரை செகண்ட் ஹேண்டில் நான் வாங்கினேன். ஐந்து ஸ்பீக்கரையும் வாங்கும் தைரியம் யாருக்கும் இல்லாததால், ஐந்து பேர் ஆளுக்கொன்றாக ஒரே மாடலில் வாங்கினோம். சப்வூஃபருக்குக் கடைசிவரை ஆள் சேரவில்லை.

ஞாயிறு காலை என் வீட்டில் ஐந்தையும் கூட்டிக் கேட்பது. மதியம் அவரவர் பொருளை அவரவர் தூக்கிக்கொண்டு போவது. பார்ட்னர்ஷிப் கம்பெனிகள் எப்படி முடியும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆளுக்கு ஒரு இடம். முன் இடது நான். சென்டர் துரைசாமி அண்ணன்.

முதல் ஞாயிறு அவர் குண்டடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வர நேரமாகிவிட்டது. பொறுக்கமாட்டாமல் நாங்கள் டிஸ்க்கைப் போட்டோம். வயலின் வந்தது, எதிரொலி வந்தது... பாடகி வரவில்லை.

எங்கள் முன் வலது டையிங் யூனிட்காரர். வாழ்நாள் முழுக்க பையரிடம் குறைச் சரக்கென்று ரிஜெக்ஷன் வாங்கியவர். அவர் நிதானமாகச் சொன்னார்: "உங்க பையரு நமக்கே செகண்ட்ஸ் தள்ளியுட்டுட்டாருங்க."

அண்ணன் அப்புறம் மொபெட்டில் வந்தார். முன்னால் ஸ்பீக்கர், பனியன் வேஸ்ட்டில் சுற்றி, குழந்தை மாதிரி. ஒயரைச் சொருகியதும், பாட்டு நடுவே பாடகி வந்துவிட்டாள்.

"நானே வரலீங்களே, அப்பறம் அம்மணி மட்டும் எப்படிங்க வரும்?"

அவர் ஜோக் அடித்தாரா, விளக்கம் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

போன வருஷம் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஞாயிறு, பிளேயர் மெனுவைக் குடைந்த முன் வலது ஒன்றைக் கண்டுபிடித்தார். சென்டர் என்ற இடத்தில் மூன்று தேர்வுகள்... லார்ஜ், ஸ்மால், நன். எங்கள் சின்ன ஸ்பீக்கருக்கு ஸ்மால்.

'நன்' என்று அமுக்கினால், நடு ஸ்பீக்கர் இல்லை என்று பிளேயர் புரிந்துகொள்ளும். பாடகியின் குரலைப் பாதிப் பாதியாக முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுத்துவிடும்.

அமுக்கிப் பார்த்தோம். நன்றாகவே இருந்தது. அதுதான் பிரச்சினை.

மதியம் கலையும் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன். அவர் இல்லாமல் ஓட்டினோமா என்று கேட்டார். நாங்கள் பேச்சை மாற்றுவதற்குள், பின் இடது ஆன்டனி உண்மையைச் சொல்லிவிட்டார். தூத்துக்குடிக்காரர், கட்டிங் மாஸ்டர், எதையும் நேராகத்தான் வெட்டுவார். "நல்லாத்தான் கேட்டுது அண்ணாச்சி."

போனில் அண்ணன் சொன்னார்:

"கேக்குமுங்க. ஆனா மறுக்கா ஸ்மாலுக்கே மாத்தி வெச்சிருங்க. நான் வாரப்ப எடம் இருக்கோணுமல்லங்க."

வந்தார். ஸ்பீக்கரை அவர் மனைவி தூக்கி வந்தார். அண்ணன் உட்காரவில்லை, டீயைத் தொடவில்லை. முதலில் மெனுவைத் திறந்து பார்த்தார். ஸ்மால். அப்புறம்தான் டீ.

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிறுகளில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. முன் வலதுக்கு சர்க்கரை. ஆன்டனிக்கு பிரஷர். பின் வலது இரண்டு படி ஏறினால் நின்றுவிடுகிறார். யாராவது ஐந்து நிமிடம் தாமதமானால் மற்றவர்கள் வாசலையே பார்ப்போம்.

அந்த மெனுவில் சென்டருக்கு நன் உண்டு, பின் ஸ்பீக்கர்களுக்கும் உண்டு. முன் இரண்டுக்கு மட்டும் கிடையாது; நான் முன் இடது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்வேன்.

போன ஞாயிறு மழை. நனைய வேண்டாம் என்று அண்ணன் ஸ்பீக்கரை முதல்முறையாக விட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வருவேன் அல்லவா என்றார்.

இன்று காரில் முன் சீட்டில் அதை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இறக்கத் தைரியம் வரவில்லை. சாவு வீட்டுக்குள் ஸ்பீக்கரோடு எப்படி நுழைவது? மின்மயானம் போய்த் திரும்பும் வரை அது காரிலேயே இருந்தது.

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பப் பார்த்தேன். அண்ணன் மனைவி வாசல்வரை வந்து கார் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டார். உங்கள் பொருள், எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"அங்கயே இருக்கட்டுமுங்க. ஞாயித்துக்கெழம அவரு ஊட்ல இருந்து எனக்குப் பழக்கமில்லீங்க."

திரும்பி வந்து அதன் இடத்தில் வைத்தேன். ஒயரைச் சொருகினேன்.

நாளைக்கு ஞாயிறு. "நாளைக்கு உண்டா?" என்று ஆன்டனி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருக்கிறார். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

மெனுவைத் திறந்து பார்த்தேன். சென்டர்: ஸ்மால்.

எடம் இருக்குதுங்ணா. போயிட்டு வாங்க.