முள்ளெலிக்குக் கிடைத்த வீடு

போன சனிக்கிழமை எதிர்க் கதவுப் பரமேஸ்வரி வீட்டில் ஒரு படக்காட்சி. இங்கிலாந்திலிருந்து அவளுடைய மகன் வந்திருந்தார். அங்கே ஏதோ கிராமத்தில் டொக்டர். பல வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் வழி தெரிந்திருக்கிறது!

பரமேஸ்வரி மகளோடு இருக்கிறாள். மூன்றாவது பேரப்பிள்ளை பிறந்ததும் அவளுடைய படுக்கை ஹோல் சோபாவுக்கு வந்துவிட்டது. மகன் போனில், "வாறன், வந்து கதைப்பம்" என்றதுதான் தாமதம் — தன்னைக் கூட்டிப்போகத்தான் வருகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மகனுக்குப் பிளேன் திங்கட்கிழமை. திங்களில் கிழக்கே சூலம், கனடாவிலிருந்து இங்கிலாந்தும் கிழக்கே. ஆகவே வெள்ளிக்கிழமையே நல்ல நேரம் பார்த்து, தன் உடுப்புப் பெட்டியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பெட்டி வாசல் தாண்டிவிட்டால் ஆளும் புறப்பட்ட கணக்கு. நம்மவர் வழக்கம்தானே?

பிறம்ரன் நகரத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர் ரோல்ஸும் வடையுமாக வந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகளின் படம் காட்டுவார் என்று காத்திருந்தோம். சுவரில் விழுந்தது... நரி!

பிறகு முயல். பிறகு மான். பிறகு பாட்ஜர் என்று ஒன்று — முகத்தில் வெள்ளைக்கோடு போட்ட, கொழுத்த பன்றிக்குட்டி மாதிரி. அது கிழடாம். பல்லில்லையாம். கச்சான் கடலையை ஊறவைத்துக் கொடுக்கிறாராம். தாய் பல் கட்டியிருப்பது தெரியுமோ என்னவோ.

அடுத்தது முள்ளெலி. குளிர்காலம் முழுக்க நித்திரையாம். அதற்குத் தோட்டத்தில் பலகையால் வீடு அடித்து, காய்ந்த இலை பரப்பி, காற்றடிக்காத பக்கம் வாசல் வைத்திருக்கிறார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

எனக்கு நாக்கு நுனியில் ஒரு கேள்வி. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடினால் குசினி வாசல்தான் என் இடம். பரமேஸ்வரியே கேட்டாள்.

"தம்பி, உது உன்னட்டை எவ்வளவு காலம் நிக்கும்?"

"குளிர் முடியுமட்டும், அம்மா."

"அப்ப நானும் அவ்வளவுக்குத்தான் நிப்பன். பிறகு வந்திடுவன்."



டொக்டர் தொண்டையைச் செருமினார். வீடு சின்னதாம். ஈரக்குளிர் அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாதாம். கோயில் இல்லையாம், தமிழ்ச் சனம் இல்லையாம்... எவ்வளவு கரிசனை!

சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் தட்டினார். வௌவால்கள். அவருடைய கூரைக்குள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றனவாம். வெளியே கலைத்துத் துரத்தச் சட்டம் இடம் கொடாதாம்.

சின்ன வீடுதான், பாவம்.

திங்கட்கிழமை அவர் தனியாகப் பிளேன் ஏறினார். அன்று பின்னேரம் பரமேஸ்வரி பெட்டியை எடுக்க வந்தாள். கண் சிவந்திருந்தது. எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது.

"பெட்டி வந்த இடத்துக்கு ஆளும் வரட்டுமன். என்ர அறையில இன்னொரு கட்டில் போடலாம்" என்றேன்.

வந்துவிட்டாள். டொக்டருக்கு ஒரு செய்தி — அம்மா இரவில் குறட்டை விடுகிறா. கலைக்கிற யோசனை இல்லை.