ஓல்டன் வாங்கில் ஒரு சமாதானப் பேச்சு

சுவிஸின் ஓல்டன் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். நான் உட்கார்ந்திருக்கும் மர வாங்கில் எனக்கு இடப்பக்கம் ஹொங்கொங்கில் பிறந்த கிழவர், வலப்பக்கம் அவருடைய ஆங்கிலேய மனைவி. ஹொங்கொங்கை 1997இல் சீனாவிடம் ஒப்படைப்பதற்குச் சற்று முன் பிரித்தானியா தேர்தல் முறையை மாற்றியதைப் பற்றிச் சண்டை. எனக்கும் விளங்கட்டும் என்று ஜெர்மன் மொழியில் சண்டை பிடிக்கிறார்கள்.

"இவ்வளவு காலம் ஆண்டுபோட்டு, போற நேரத்திலையோ சனத்துக்கு வாக்குரிமை குடுக்கிறது?" என்கிறார் கிழவர்.

"அதுக்குத்தானே சீனாவோடை மாதக்கணக்கா மல்லுக்கட்டினம்!"

"கட்டினியள். அவங்கள் வந்த உடனை எல்லாத்தையும் கலைச்சுப்போட்டாங்கள்."

சாப்பாட்டுப் பை மனைவியிடம், பயணச்சீட்டு கிழவரிடம். வேறுவேறு பெட்டியில் ஏறப்போவதாக இருவரும் மிரட்டுகிறார்கள். ரயில் வந்து நிற்கிறது.

"நீங்கள் சொல்லுங்கோ, ஆர் சரி?" என்று கிழவர் என்னைக் கேட்கிறார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

"நாங்களும் வாடகை வீட்டை ஒப்படைக்கிற நாளிலைதானே அடுப்பைத் தேய்க்கிறம்," என்கிறேன்.

மனைவி என்னை உற்றுப் பார்க்கிறார். "அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும்... அப்பிடியே அழுக்காக் கிடக்கும்."

இருவரும் சட்டென்று எழுந்துவிடுகிறார்கள்.

"பாவம், இந்தாளின்ரை மனிசி," என்கிறார் கிழவர்.

"ஓம், சரியான பாவம்," என்று அவர் கையைப் பிடிக்கிறார் மனைவி. ஒரே பெட்டியில் ஏறுகிறார்கள்.

நான் கடைசிப் பெட்டிக்கு ஓடுகிறேன்.