வேண்டாம் என்று அமுக்கிய சம்பந்தி

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ரெட்டிபாளையத்தில் எனக்கு வைத்த முதல் விருந்தில், சம்பந்தி சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. நான் இலையின்மேல் கையை விரித்து, "போதும் சம்பந்தி" என்றேன். அது மரியாதைக்குச் சொல்வது. பரிமாறுபவர் கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி ஊற்ற வேண்டும். அவரோ "சரிங்க" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். ஜெயங்கொண்டம் திரும்பி வந்து மோர்ச்சோறு சாப்பிட்டேன். "போதும்னு நீங்கதான சொன்னீங்க" என்று என் மனைவி சிரித்தாள். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சம்பந்தி. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனுஷன்.

நான் வேறு மாதிரி. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவன். வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீட்டில் மறுவாரமே குத்துவிளக்கு விற்றிருக்கிறேன். அப்படி வளர்ந்ததுதான் இன்று ஜெயங்கொண்டத்தில் மூன்று மாடிக் கடை, பெரம்பலூரில் ஒரு கிளை. கடைக்கு என் பெயர்தான்; வேறு யார் பெயரை வைப்பது? வாரம் தவறாமல் வாடிக்கையாளர்களுக்கு என் பெயரில், என் படத்தோடு மெயில் போகும். அதைப் பார்த்து லெப்பைக்குடிக்காட்டுக்காரர்கள் துபாயில் இருந்தபடியே ஊரில் இருக்கும் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கித் தந்திருக்கிறார்கள். மெயிலின் அடியில், இனி அனுப்ப வேண்டாம் என்று அமுக்க ஓர் இடம் உண்டு. அமுக்கியவர்கள் யார் யாரென்று கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் வந்து சொல்வாள். "தெரியாம அமுக்கியிருப்பாங்க, திருப்பிச் சேத்துடும்மா" என்பேன்.

ஒருநாள் அவள் தயங்கியபடி, "ஐயா, இந்த வாரம் ஒங்க சம்பந்தி அமுக்கியிருக்காரு" என்றாள். மகள் அந்த வீட்டில் வாழ்கிறாள். என் பெயரே வேண்டாம் என்கிறார் என்றால் அவருக்கு என்ன மனத்தாங்கல்? சீர்வரிசையில் குறை வைத்தேனா? பேச்சில் ஏதும் தவறினேனா? அன்றைக்கே தாம்பாளத்தில் பழமும் பூவும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு மனைவியோடு காரில் கிளம்பினேன்.

தாம்பாளத்தைப் பார்த்ததும் சம்பந்தி வாசலிலேயே திகைத்து நின்றார். "என்ன சம்பந்தி, வூட்டுல விசேஷமா?"

"என்னைய வேண்டாம்னு அமுக்கிட்டீங்களாமே."

உள்ளே இருந்த என் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. என்னைக் கைபிடித்து உட்கார வைத்தார். "கத்தார்ல இருக்க சின்னவன் போட்டோ அனுப்புவான்னு தெனம் மெயிலப் பாப்பேங்க. ஒங்க பேரு வந்திருக்கும். அட, சம்பந்தி எழுதியிருக்காரேன்னு கண்ணாடியத் தேடிப் போட்டுக்கிட்டுத் தொறந்தா, கிரைண்டருக்குத் தள்ளுபடி. வாராவாரம் ஏமாற முடியலிங்க." தாம்பாளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடையத்தான் வேண்டாம்னேன். ஒங்கள வேண்டாம்னா சொன்னேன்?"

"அப்ப பழத்தத் திருப்பி எடுத்துட்டுப் போயிடவா?"

"அது இருக்கட்டும். பழத்த நான் வேண்டாங்கலயே."

காரில் திரும்பும்போது பழைய சைக்கிள் ஞாபகம் வந்தது. சைக்கிளில் போன காலத்தில் கதவைச் சாத்துகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். அது கோபமா, கையில் காசில்லாததா என்று பார்த்துத்தான் மறுவாரம் போவேன். மெயிலில் எந்த முகத்தைப் பார்த்தேன்? கடைக்கு வந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "சம்பந்தி பேர எடுத்துடும்மா. முந்தி நான் திருப்பிச் சேக்கச் சொன்னேன் பாரு, அவங்க எல்லாரையும் எடுத்துடு."

"ஏன் வேண்டாம்னாங்கன்னு கேட்டுக்கட்டுமாங்கய்யா?"

"எதுக்கு? வேண்டாம்னுட்டாங்கள்ல, அது போதும்."

அதனால் கடை படுத்துவிடவில்லை. என் கடை அப்படியெல்லாம் படுக்காது.

மறுநாள் காலையில் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, நானே அவருக்கு ஒரு மெயில் எழுதினேன். முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறது, முழங்கால் வலி தேவலை, பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா, அவ்வளவுதான். விற்பதற்கு எதுவும் இல்லாமல் நான் ஒருவருக்கு எழுதியது அதுதான் முதல் தடவை.

சம்பந்தி காலமாகிக் கொஞ்ச நாளாகிறது. கடையிலிருந்து இன்றும் வாரம் தவறாமல் மெயில் போகிறது, வேண்டும் என்பவர்களுக்கு. என் போனில் எத்தனையோ மெயிலை அழித்துவிட்டேன். அவர் அன்று எழுதிய பதில் மட்டும் அப்படியே இருக்கிறது: "கெடச்சுது சம்பந்தி. ரெண்டு தடவ படிச்சேன். இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்."