கச்சான் காற்றில் ஒரு யோகா வகுப்பு

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆகஸ்ட் மாத மாலையில். இடம், புத்தளம் தில்லையடியில் ஒரு பாலர் பாடசாலை மண்டபம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவர்களின் குட்டிக் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அங்கே பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்து வந்தேன். யோகா என்றால் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். அதனால் வெளியில் அதற்குப் பெயர் 'உடற்பயிற்சி வகுப்பு'. உள்ளே வந்த பிறகு பெயரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

என் பிழைப்பே காற்றை நம்பித்தான். கச்சான் என்று நாங்கள் சொல்லும் மேல்காற்று எழும்பினால் கற்பிட்டிப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற கூட்டம் அது. அவர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் எனக்குக் காலை வகுப்பு. விடியுமுன் சுபஹு தொழுத கையோடு பஸ் ஏறுவேன். மத்தியானம் திரும்பி வந்து சமைத்து, பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மண்டபத்துக்கு ஓடுவேன். காற்று விழுந்து மழை தொடங்கினால் ஹோட்டல் காலியாகிவிடும். சீசன் முடிந்தது என்று தில்லையடி வகுப்பையும் சேர்த்து மூடிவிடுவேன். ஊருக்கும் அதுதான் சீசன் என்று மண்டையில் பதிந்து போயிருந்தது.

வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் பாலாவிப் பக்க உப்பளங்களில் வேலை செய்கிறவர்கள். வெயிலும் காற்றும் முற்றும்போதுதான் உப்பு விளையும். அந்த மாதங்களில் காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராது. அப்படி வந்தவர்களைத்தான் ஒற்றைக் காலில் நிற்க வைத்து, கையை இன்னும் உயரத் தூக்குங்கள் என்று விரட்டிக்கொண்டிருந்தேன். தூக்க முடியவில்லை என்றால் சோம்பல் என்று நினைத்தேன். ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். நானும் காய்ந்த கருவாடாகிப் போயிருந்தேன். இனி முடியாது, இன்றோடு இந்த வகுப்பை அடியோடு நிறுத்திவிடுவோம் என்று தீர்மானித்துத்தான் அன்றைக்குப் போனேன்.

காற்று அன்று பேயாய் அடித்தது. ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொள்ள, பாயெல்லாம் மணல். காலையில் ஹோட்டல் வகுப்பில், கடற்கரையில் நின்று காற்றோடு போட்டிபோட்டுக் கத்தியதில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "முடிவில ஒரு விஷயம் சொல்லணும்" என்று மட்டும் கரகரத்தேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. வழக்கமாகக் கடைசியில் கொஞ்ச நேரம்தான் படுக்க விடுவேன். அன்றைக்கு முதலிலேயே எல்லாரையும் படுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தொண்டை தேறும்வரை என்று நானும் படுத்தேன்.

கண் விழித்தபோது மண்டபம் இருட்டத் தொடங்கியிருந்தது. என்மேல் யாருடையதோ ஒரு துப்பட்டா போர்த்தியிருந்தது. பெண்கள் எல்லாரும் சுவரோரமாக, அந்தக் குட்டிக் கதிரைகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்து, குசுகுசுவென்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். மஃரிப் நெருங்குகிற நேரம். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு மூட்டவேண்டிய வேளை. ஒருவர்கூடப் போகவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. "எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

கைப்பிள்ளையாக மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே வளர்ந்த ஒருவர், ஏறக்குறைய என் வயதுக்காரி, பதில் சொன்னார்: "மனசு வரல்ல டீச்சர். நாங்களும் நல்லாப் படுத்து எழும்பினம். கோவிக்கக் கூடாது, நாங்க வாறதே அந்தக் கடைசியில படுக்கிறதுக்குத்தான். மத்ததெல்லாம் உங்கட மனசு நோகக் கூடாதெண்டு செய்யிற."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"வீட்டில படுத்தா, என்ன சுகமில்லையா, இன்னும் சோறாக்கல்லையா எண்டு கேப்பாங்க. இங்க படுத்தா அது வகுப்பு" என்றார் அவர்.

பக்கத்திலிருந்தவர் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "மழைக்கு உப்பளத்தில வேலை நிண்டா வீட்டில சும்மாதான் இருக்கிறம். உடம்பு விறைச்சுப் போகுது. அந்த நேரம் பார்த்து நீங்க வகுப்பை மூடிடுறீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுமுறையாக வருகிற அதே காற்றுதான் இவர்களுக்கு முதுகு முறிகிற வேலையாக வருகிறது. நான் ஹோட்டலின் காலண்டரைக் கொண்டுவந்து இவர்கள் தலையில் கட்டியிருந்தேன்.

"என்னமோ சொல்லணும் எண்டீங்களே டீச்சர்?" என்று ஞாபகமாகக் கேட்டார்கள்.

"நாளைக்கும் வாங்க. அதுதான்" என்றேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்க, செருப்பைத் தேடிக்கொண்டு எல்லாரும் கலைந்தோம்.

இப்போது கச்சான் மாதங்களில் எங்கள் வகுப்பு, படுப்பதும் மூச்சை நீட்டி விடுவதும், காலைச் சுவரில் சாய்த்துக் கிடப்பதும்தான். கடினமான ஆசனங்களெல்லாம் மழைக்காலத்துக்குப் போய்விட்டன. மழையில் மண்டபம் நிறைகிறது. ஹோட்டலில் என் வகுப்பு நாட்களைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டபோது முணுமுணுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். அதற்காகக் களைப்பு ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காற்று எழும்பினால் எனக்கு இன்னும் உடம்பு கனக்கிறது.

வகுப்பின் முடிவில் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தான் மட்டும் விழித்திருப்பது டீச்சரின் வேலை. எனக்காக விழித்திருக்கவும் ஆட்கள் உண்டு என்று அந்த மாலைதான் தெரிந்தது. அந்த நினைப்பில்தான் இன்றும் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறுகிறேன்.