பேக்கரிக்காரர் நிற்கும் இடம்

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. வயலின் கற்க வருபவர்கள் தப்பாக வாசித்தால், அந்தத் தப்பை அச்சு அசலாகத் தானே ஒருமுறை வாசித்துக் காட்டுவார். தன் தப்பைத் தன் காதாலேயே கேட்டவர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். அவரிடம் படித்தவர்கள் யாரும் அழுதுகொண்டு வீடு திரும்பியதே இல்லை. இந்தக் கெட்டிக்காரத்தனம் ஒருநாள் தன் காலையே வாரிவிடும் என்று டீச்சர் கனவிலும் நினைக்கவில்லை.

அவருடைய முக்கிய வேலை என்னவோ பெரிய இசைக்குழுவில் வயலின் வாசிப்பதுதான். சேர்ந்த புதிதில், தனி வாசிப்பெல்லாம் கிடைக்கிற முதல் நாற்காலி தனக்குத்தான் என்று உறுதியாக நம்பினார். நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை, நாற்காலிதான் காலியாகவில்லை. அதில் இருந்த பெரியவருக்கு இரும்பு உடம்பு. மழைக்காலத்தில்கூட ஒரு தும்மல் போடமாட்டார். ஆகவே டீச்சர் இரண்டாம் வரிசையிலேயே இருந்தார். அங்கே நன்றாக வாசித்தால் யாருக்கும் தெரியாது, தப்பாக வாசித்தால் எல்லோருக்கும் தெரியும்.

சொல்லிக்கொடுப்பதை அவர் சும்மா பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் கூடத்திலிருந்த சோபா மொட்டை மாடி அறைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் ஸ்டாண்டுகளும் முதுகு சாயாத ஸ்டூல்களும் வந்தன. உள் அறையில் அச்சகத்துக்குப் பிழை திருத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணவர், வேறு வழியில்லாமல் எல்லா வகுப்பையும் சுவர் வழியாகக் கேட்டுத் தீர்த்தார்.

வருகிற எல்லோருக்கும் டீச்சர் சொல்லிக்கொடுப்பது ஒரே மெட்டு. குழு அடிக்கடி வாசிக்கும் பெரிய படைப்பு ஒன்றின் நடுவில் அது வரும். மற்றவர்கள் எல்லோரும் அடங்கிப் போக, ஒரே ஒரு வயலின் மெதுவாக, ஏறக்குறைய பேசுவதுபோலப் பாடும். விரலுக்குச் சுலபம். அதனால்தான் டீச்சர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று மாணவர்கள் நினைத்தார்கள். மேடையில் தனக்குக் கிடைக்காததை வீட்டிலாவது வாசித்துக்கொள்ளலாம் என்ற ஆசைதான் காரணம் என்பது கணவருக்கு மட்டும் தெரியும்.

அப்படியிருக்க, இரும்பு உடம்புக்காரர் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கப்போய்த் தோளைச் சுளுக்கிக்கொண்டார். கையில் குச்சியோடு முன்னால் நின்று குழுவை நடத்துபவரைக் குழுவில் எல்லோரும் குச்சிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் நேராக டீச்சரிடம் வந்தார்.

"அந்த மெட்டு இந்தத் தடவை உங்களுக்குத்தான். தூக்கத்துலகூட வாசிப்பீங்களே!"

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வயலினைத் தோளில் வைத்தார்.

உள்ளேயிருந்து கணவர் குரல் வந்தது. "பல் டாக்டர் எப்ப வந்தாரு?"

"நான்தாங்க வாசிக்கிறேன்!"

மாணவர்களில் ஒருவரான பல் டாக்டர் எதையும் அவசரமாகத்தான் வாசிப்பார். கிளினிக்கில் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார் என்ற நினைப்பு அவருக்கு. டீச்சர் வேகத்தைக் குறைத்து மறுபடி வாசித்தார்.

"இப்ப ஸ்கூல் வேன் ஓட்டுற அம்மா," என்றார் கணவர். அந்த அம்மா ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நின்றுதான் கிளம்புவார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை ஆரம்பித்தார். உச்ச ஸ்வரத்துக்கு முன்னால் கை தானாக நின்றது.

"பேக்கரிக்காரர்!" உள்ளே கணவர் கைதட்டியே விட்டார்.

பேக்கரிக்காரர் ஆஜானுபாகுவான மனிதர். அந்த உச்ச ஸ்வரம் வந்தால் வில்லை நிறுத்தி, கண்ணை மூடி, வயிறு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டுதான் மேலே ஏறுவார். "நிக்காதீங்க, நேரா போங்க" என்று டீச்சர் வாரா வாரம் சொல்லுவார். வாரா வாரம் அவரும் நிற்பார்.

அடுத்த நாள் ஒத்திகையில் டீச்சரின் வில்லிலிருந்து பல் டாக்டர் குழு முழுவதற்கும் முன்னால் வெளியே வந்துவிட்டார். குச்சிக்காரர் குச்சியை இறக்கினார்.

"என்ன அவசரம்? நாளைக்கு சாயங்காலம் கச்சேரி. காலையில ஒரு தடவை கேப்போம். சரியா வரலைன்னா பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட கொடுத்துடலாம். சரியா?"

அவர் அன்பாகத்தான் கேட்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அன்று சாப்பிடும்போது டீச்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களையெல்லாம் விரட்டிட்டா என்னுது மிச்சம் இருக்கும்ல? என்னுது எப்படி இருக்கும்ங்க?"

பிழை திருத்துபவருக்குப் பொய் சொல்ல வராது. "தெரியலம்மா. நீ எல்லாரையும் மாதிரி வாசிச்சுக் கேட்டிருக்கேன். உன்ன மாதிரி வாசிச்சு நான் கேட்டு ரொம்ப நாளாச்சு."

இத்தனை காலம் அடுத்தவர் தப்பைத் திருத்தியதில் தன்னுடையதைத் தொலைத்துவிட்டோமோ என்று டீச்சர் முதல்முறையாகப் பயந்தார். கணவர் குழம்புப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். வேறென்ன செய்வார், பாவம்.

காலையில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அளந்து வைத்து வாசித்தார் டீச்சர். பல் டாக்டரும் இல்லை, வேன் அம்மாவும் இல்லை. "தப்பில்ல," என்றார் குச்சிக்காரர். உடனே அடுத்த பகுதிக்குப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். மெட்டு தப்பித்தது, டீச்சருக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. மாணவர்கள் மூன்றாம் வரிசையில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மற்ற வாத்தியங்கள் அடங்கின. டீச்சர் தனியாக ஆரம்பித்தார். காலையில் வாசித்ததுபோலவே சரியாக, சுத்தமாக, உப்புச் சப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது. உச்ச ஸ்வரம் நெருங்கியபோது கண் தற்செயலாகக் கீழே போயிற்று.

பேக்கரிக்காரர் கண்ணை மூடியிருந்தார். அவர் நெஞ்சு மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. வழக்கமான இடம், வழக்கமான மூச்சு.

மாணவர் தயாராகாமல் எந்த டீச்சர் முன்னால் போவார்? வில்லைக் கம்பியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். குச்சிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. பின்னால் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அரங்கில் ஒரு இருமல் இல்லை. பேக்கரிக்காரரின் மூச்சு நிறைந்ததும் டீச்சர் மேலே போனார். அந்த ஸ்வரம் அவருக்கே புதிதாக இருந்தது. அதன் பிறகு முடியும் வரை விரல்களுக்கு யார் ஞாபகமும் வரவில்லை.

திரை இறங்கியதும் குச்சிக்காரர் ஓடி வந்தார். "அந்த இடத்துல நின்னீங்களே, இந்த வாரம் முழுக்க தினமும் கச்சேரி இருக்கு, எல்லாத்துலயும் அப்படியே நில்லுங்க!" கணவர் ஓரமாக நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வந்தது யாருன்னு எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

பேக்கரிக்காரர் மட்டும் வாட்டமாக வந்து நின்றார். டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"பரவாயில்ல டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க. எனக்கும் அந்த இடம் அப்படித்தான் மாட்டிக்கும்."

டீச்சர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தலையாட்டினார்.

அடுத்த வகுப்புக்குப் பேக்கரிக்காரர் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். டீச்சருக்கே சறுக்கிய இடத்தைத் தான் விடுவதில்லை என்று வாரம் முழுக்க அடுப்புப் பக்கத்திலேயே நின்று சாதகம் செய்திருந்தார். மெட்டை ஆரம்பித்தார். உச்ச ஸ்வரம் வந்தது. நிற்காமல், மூச்சு வாங்காமல், அம்பு மாதிரி நேராகப் போய்த் தொட்டுவிட்டுப் பெருமையாகப் பார்த்தார்.

டீச்சருக்குப் பகீரென்றது. எழுந்து போய் அவர் வில்லைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, என்ன பண்ணிட்டீங்க? நேத்துகூட மேடையில உங்கள நினைச்சுத்தான் நின்னேன். பழையபடி வாசிங்க, நான் கத்துக்கணும்."