வத்தல் மண்டிக்காரன் காய்ச்சிய வெள்ளைக் குழம்பு

தேனியில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர்களில், கட்டி தட்டாமல் பெஷமெல் என்கிற பிரான்ஸ் நாட்டு வெள்ளைச் சாஸ் காய்ச்சத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது இருந்தால் கரண்டியோடு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

கல்யாணமாகி வெகுகாலம் வரை அடுப்படியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்ப் பானை இருக்கும் இடம் மட்டும்தான். என் மனைவிக்கு வாய்க்குள் தோல் உரியும் நோய் வந்தபிறகுதான் முதன்முதலாக அடுப்பைப் பற்றவைத்தேன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் காரம், புளிப்பு, மசாலா எதுவும் நாக்கில் படக்கூடாது, மாதக்கணக்கில் ஆகும், வருஷமும் ஆகலாம் என்று மதுரையில் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். மிளகாய் விற்றுச் சாப்பிடுகிற வீட்டுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

அவள் பிறந்தது கடமலைக்குண்டில், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில். அவள் வைக்கிற கறிக்குழம்பில் எண்ணெய் செக்கச்செவேல் என்று மேலே மிதக்கும். அப்படிப்பட்டவள் பால்சோற்றையும் வெறும் இட்லியையும் பிசைந்து விழுங்கினாள். கொஞ்ச நாளில் அதையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அதைவிட எனக்குப் பொறுக்காதது, விசேஷ வீடுகளுக்குப் போவதை அவள் அடியோடு நிறுத்தியதுதான். "பந்தியில வெறும் எலையப் பாத்துக்கிட்டு ஒக்காரணுமாக்கும்? எல்லாரும் என் வாயத்தான் பாப்பாக," என்பாள். அவளை மறுபடி ஒரு பந்தியில் உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

மண்டியில் வியாபாரம் ஓய்ந்த ஒரு மத்தியானம், காரமும் புளியும் இல்லாத குழம்பு உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று போனில் தேடினேன். பிரான்சுக்கு வாழ்க்கைப்பட்டுப்போன ஒரு தமிழ்ப்பெண்ணின் வீடியோ வந்தது. அந்த நாட்டுச் சமையலுக்குத் தாய் மாதிரி ஐந்து சாஸ் உண்டாம். மற்றதெல்லாம் அவை பெற்ற பிள்ளைகளாம். தக்காளிச் சாஸை உடனே கழித்தேன். தக்காளி சேர்கிற பழுப்புச் சாஸையும் கழித்தேன். முட்டையில் எலுமிச்சை பிழிகிற சாஸும் அவளுக்கு ஆகாது. மிஞ்சியது இரண்டு: பாலில் செய்கிற பெஷமெல், எலும்புச் சாற்றில் செய்கிற வெலூத்தே. வீட்டுக்குப் போகும்போதே வெண்ணெயும் மைதாவும் வாங்கிக்கொண்டு போனேன்.

வெண்ணெயை உருக்கி, அதில் மைதாவை வறுத்து, பாலை ஊற்றிக் கலக்க வேண்டும். சொல்லும்போது இவ்வளவுதான். முதல் தடவை நான் பாலை மொத்தமாகக் கொட்டினேன், பசை மாதிரி கட்டி கட்டியாகத் திரண்டது. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தேர்தல் வந்துருச்சா? போஸ்டர் ஒட்டக் கெளம்பிட்டீகளா?"

வாய் புண்ணாக இருந்தாலும் அந்த வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அவள் சிரித்து நாளாகியிருந்தது, அதனால் பொறுத்துக்கொண்டேன். அடுத்த தடவை பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மோர் கடைகிற மத்தை வைத்துக் கடைந்தேன். மாவை இரண்டு நிமிஷம் வறுத்தால் போதும் என்று வீடியோவில் சொன்னார்கள். அவள் கூடத்திலிருந்தபடியே, "பச்ச வாசம் இன்னும் போகல, தீயக் கொறச்சு வறுங்க," என்றாள். மூக்குக்குத்தான் நோய் இல்லையே. நானும் சாக்கைத் திறந்ததும் ஈரச் சரக்கா காய்ந்த சரக்கா என்று மூக்காலேயே சொல்கிறவன். அன்றிலிருந்து நிமிஷக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டோம். பெஷமெல்லுக்குக் கடைசியில் ஜாதிக்காய் சீவிப் போடுவார்கள். எங்கள் கடைத்தெருவில் ஜாதிக்காய் மூட்டையாகக் கிடந்தும், அதுவும் மசாலா என்பதால் போட முடியாததில் எனக்கு வருத்தம்தான். அது இல்லாமலே அவள் இட்லியைத் தொட்டுச் சாப்பிட்டாள்.

அந்தத் தைரியத்தில் வெலூத்தேயில் இறங்கினேன். நாட்டுக்கோழியை உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, சாற்றை வடித்து, வறுத்த மாவில் ஊற்றிக் கடைந்தேன். பட்டு மாதிரி வந்தது. கோழிக்கறியைக் கையாலேயே எலும்பிலிருந்து பிய்த்து அதில் போட்டு, தட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். ஒரு வாய் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எரியுது," என்றாள்.

நான் ருசி பார்த்தேன். எனக்கு ஒரு பொட்டுக் காரம் தெரியவில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டு என் கையைப் பிடித்து முகர்ந்தாள். "காலையில சரக்குப் பாத்தீகளா?" என்று கேட்டாள். பார்த்திருந்தேன். லாரியில் வந்த புதுவத்தலை மூட்டை மூட்டையாகக் கைவிட்டு எடுத்துக் கிள்ளிப் பார்த்திருந்தேன். சோப்புப் போட்டுத்தான் கை கழுவினேன், ஆனால் வத்தல்காரன் கையிலிருக்கிற காரம் சோப்புக்கா போகும்? வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தொட்டியில் விட்டெறிந்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்று நானும் அழுதேன்.

மறுநாளிலிருந்து மண்டியில் சரக்கைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளை கிள்ளிக் காட்டுவார், நான் முகர்ந்து விலை சொல்வேன். பக்கத்துக் கடைக்காரருக்கு அது பெரிய வேடிக்கை.

"என்னண்ணே, தொட மாட்டேங்கிறீக? மிளகா கடிச்சுருமா?"

"கடிக்கும். எனக்கில்ல, எங்க வீட்டுல அவுகளுக்கு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, கடலைமாவு போட்டுக் கையைத் தேய்ப்பேன். பிறகு விரலை என் கண்ணோரத்தில் வைத்துப் பார்ப்பேன். எரியாவிட்டால்தான் அடுப்படிக்குள் நுழைவேன். மெல்ல மெல்ல அவள் தட்டு காலியாக ஆரம்பித்தது, பிடித்த தையலைப் பிரிக்கவும் வேண்டியதாயிற்று. வறட்டு ரோஷத்தில், அவளுக்கு ஆகாத முட்டைச் சாஸையும் ஒரு நாள் செய்து பார்த்தேன். முட்டையின் பச்சை வாசம் போகட்டும் என்று தீயைக் கூட்டினேன், பொடிமாஸ்தான் கிடைத்தது. சோற்றில் பிசைந்து நானே தின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மைத்துனன் கடமலைக்குண்டில் புதுவீடு கட்டிக் கிடா விருந்து வைத்தான். அக்காவை அழைக்க அவனே நேரில் வந்தான். அவன் போனபிறகு, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க," என்றாள்.

"நீயும் வா. ஒன் எலைக்கு நான் பொறுப்பு," என்றேன்.

மறுநாள் அவளுடைய பட்டுச்சேலை ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

விருந்தன்று விடிந்ததுமே நான் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டேன். மசாலா விழுவதற்கு முன்னால், நெஞ்செலும்பும் கொஞ்சம் இளங்கறியும் உப்பு மட்டும் போட்டுத் தனியாக வேண்டும் என்று கேட்டேன். சமையல் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மசால் இல்லாமயா? கெடாயக் கேவலப்படுத்தாதீக."

"நீங்க ஊருக்கே சமைங்க. நான் ஒரு ஆளுக்குச் சமைச்சுக்கிறேன்."

பையிலிருந்து வெண்ணெய், மைதா, மத்து எல்லாவற்றையும் எடுத்து வைத்ததும் கொட்டகையே என்னைச் சுற்றி நின்றது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாவு மணத்தது, சாற்றை விட்டேன், கடைந்தேன். கட்டி இல்லை, கறை இல்லை. கரண்டியைத் தூக்கினால் பாலாடை மாதிரி வழுக்கி விழுந்தது. என் கையை நினைத்து எனக்கே கர்வமாக இருந்தது.

பந்தியில் அவள் சொந்தக்காரப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இலையில் வெறும் சோறு. கறிக்குழம்பு வந்தது, வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தாள். வறுவலுக்கும் மறைத்தாள், ரத்தப் பொரியலுக்கும் மறைத்தாள். வரிசையில் தலைகள் திரும்ப ஆரம்பித்தன. நான் சின்ன வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போய்க் குனிந்தேன். கையை எடுத்தாள். ஊற்றினேன்.

அவள் சின்னம்மா பக்கத்து இலையிலிருந்து, "என்ன ஆத்தா அது, மோராட்டம் வெள்ளையா?" என்றார்.

"பிரான்ஸ் நாட்டுக் கொழம்பு. இவுக வச்சது," என்றாள். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அடுத்த சுற்றுக்கு எல்லா வாளிகளும் வந்தன. நானும் வழக்கத்துக்காக என் வாளியோடு போனேன். போதும் என்று கையால் மறைப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ மறுசோறு வாங்கி, நடுவில் குழித்து, பாத்தி கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இங்கன ஊத்துங்க," என்றாள்.

வாளியில் இருந்தது முழுவதையும் ஊற்றினேன்.