மூன்றாம் காபியை மறந்த சாளரம்

வந்தவரை முகம் கோணாமல் பேணுகின்ற விருந்தோம்பலே இல்லறத்தின் தலையாய அறம். விருந்தினருக்கு மூன்று முறை காபி தரும் வழக்கமுள்ள துஸ்லா நகரில் அவ்வறத்தைக் கணினிக்குள்ளும் குடியேற்றியவள் செனாதா.

கால்நடை மருத்துவர் ரெஃபிக்குக்காக அவள் ஒரு மென்பொருள் எழுதினாள். அதன் சாளரங்கள் அனைத்துக்கும் தாயாக ஒரு முதன்மைச் சாளர வகுப்பை, அதாவது மற்றச் சாளரங்கள் குணம் பெறும் மூல வார்ப்பை, அமைத்தாள். மூட முயல்வோரை அத்தாய், "அதற்குள் புறப்பாடா? இன்னும் ஏதேனும் எழுத உண்டா?" என்று கேட்பாள். பிள்ளைச் சாளரங்களுக்கும் அக்குணம் அப்படியே வந்தது.

மருத்துவர் ஏற்றால்தான் அவள் உழைப்பு கரையேறும். சோதித்துப் பார்க்கும் நாளன்று, ஈனும் நிலையில் ஒரு பசு காத்திருக்க, அவர் சாளரத்தை மூடப் போனார். அது கேட்டது. "இல்லை" என்றார். மறுபடியும் முதலிலிருந்து கேட்டது.

"ஏம்மா, உன் ஜன்னல் என்னைப் போகவே விடமாட்டேங்குதே."

"வந்தவங்கள உடனே அனுப்புறது நம்ம வழக்கமா, டாக்டர்?"

"வரவேற்க ஒரு காபி, பேச ஒரு காபி, சரி. வழியனுப்புற காபி எங்கம்மா? நீ பேச்சுக் காபியையே ஊத்திக்கிட்டு இருக்க. என் மாமியார்கூட இவ்வளவு நேரம் பிடிச்சு வச்சதில்ல."

செனாதா நாணி, தாய் வகுப்பில் மட்டும் ஒரு விடை சேர்த்தாள்: "எழுதியவை பத்திரம். போய் வாருங்கள்." அக்கணமே எல்லாச் சாளரங்களும் பண்போடு மூடிக்கொள்ளக் கற்றன.

"சரிம்மா, இந்த மென்பொருள் எங்ககிட்டயே இருக்கட்டும். அந்தக் கன்னுக்குட்டி வெளிய வரவும் ஒரு வரி எழுதிக் குடு," என்று மருத்துவர் ஓடினார்.

செனாதாவின் மனையில் விருந்து என்றும் குறையாதிருக்க. மூன்றாம் காபியும் உரிய வேளையில் வருக.